றெஜினா ஊருக்குப் போய்விட்டாள்

போன வெள்ளிக்கிழமை காலை கொத்தமல்லிப் பெட்டியைப் பிரித்தபோது அதற்குள் ஒரு கட்டு வேறு இலை கிடந்தது. மயிர்மயிராக, தொட்டால் ஈரமாக. சந்தையில் எவனோ அரைத் தூக்கத்தில் மாற்றிப் போட்டிருக்கிறான். எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. சதகுப்பை. இங்கே லண்டனில் டில் என்பார்கள். கடையில் ஒருவர் பச்சை மிளகாய்ப் பையோடு நிறுக்கக் காத்துக்கொண்டிருந்தார். நானோ வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணை, பிரஷர் ஏதும் கூடிட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லித் தப்பினேன். ஈஸ்ட் ஹாமில் பிரஷர் என்று சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் துருவமாட்டார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறதே.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வதற்கென்ன. சதகுப்பை எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பெற்ற வீட்டு மருந்துச் சரக்கு. எங்கள் வீட்டிலோ அந்த வாசம் உருளைக்கிழங்கிலிருந்து வந்தது. என் மனைவி றெஜினா ஜூன் மாதம் பிறந்தால் புதுக் கிழங்கைத் தோலோடு அவித்து, வெண்ணெய் போட்டுப் பிரட்டி, மேலே இந்த இலையைக் கிள்ளித் தூவுவாள். டென்மார்க்கில் பழகிய சாப்பாடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "பிள்ளை பெறாமலே சதகுப்பை சாப்பிடுற ஒரே மன்னார்க்காரி நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள். கூடச் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெரும்பாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

நான் யாழ்ப்பாணம் குருநகர். நாட்டை விட்டு ஓடியவர்கள் எல்லோரும் கனடா, சுவிஸ் என்று போக, என்னை ஏஜென்ட் டென்மார்க்கில் இறக்கிவிட்டான். மேற்குக் கரையில் காற்றும் மீன் வாடையுமாக ஒரு சின்ன ஊர். அங்கே தமிழ்ச் சனம் என்று பார்த்தால் ஆறேழு குடும்பம். எனக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து றெஜினா வந்தாள். ஞாயிறு பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலில்தான் எங்கள் கலியாணமும் நடந்தது. மாலைக்குப் பூ கிடைக்காமல் டியூலிப்பைக் கட்டினார்கள். படம் பிடிப்பதற்குள் எல்லாம் தலை தொங்கிவிட்டன.

அவள் வந்து ஆறு மாதம் இருக்கும். ஜூன் மாதம். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி ஏதோ கேட்டாள். றெஜினாவுக்கு அதில் விளங்கியவை இரண்டே சொற்கள்: பழைய உடுப்பு, கிழவி. யாரோ கதியற்ற கிழவிக்கு உடுப்புச் சேர்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ஏழைக்குக் கொடுப்பது நல்லதாக இருக்கவேண்டும் என்று வளர்ந்தவள் அல்லவா. தாய் மன்னாரிலிருந்து கொடுத்துவிட்ட பச்சை நைலெக்ஸ் சீலையை மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். இருபத்துமூன்றாம் தேதி பின்னேரம் ஊர் முழுவதும் கடற்கரைக்குப் போனது. நாங்களும் போனோம். விறகை மலையாகக் குவித்து, உச்சியில் வைக்கோலால் செய்த ஒரு சூனியக்காரிக் கிழவியைக் குந்தவைத்திருந்தார்கள். அவள் உடம்பில் பச்சை நைலெக்ஸ். ஸ்நாபக அருளப்பர் பெருநாளுக்கு முதல் நாள் அங்கே அப்படித்தான் நெருப்பு மூட்டிக் கோடையைக் கொண்டாடுவார்களாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? நெருப்பு ஏறியதும் நைலெக்ஸ் ஒரு நொடியில் சுருண்டுபோனது. "ஐயோ, அது என்ர சீலை" என்று றெஜினா வைத்த சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு ஒன்று சொன்னாள். "இனி எனக்கு விளங்காமல் ஒருத்தரும் என்ர சீலையைக் கொளுத்த ஏலாது." அடுத்த திங்கட்கிழமை மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஒன்றரை வருடத்தில் வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்தாள். மிச்ச டெனிஷை அங்கே இருந்த கிழவிகள் படிப்பித்தார்கள். ஆகவே அவளுடைய டெனிஷ் எண்பது வயது டெனிஷ். அவள் வாய் திறந்தால் கடைக்காரர்கள் புன்னகைப்பார்கள். சைக்கிளில் எதிர்க்காற்றில் போகும்போதுகூட வழியில் காண்பவரோடு கத்திக் கதைத்துக்கொண்டு போவாள்.

நான் படிக்கவில்லை. பன்றிகளோடு கதைக்க மொழி தேவையில்லை என்று பகிடி விட்டுக்கொண்டு இருந்தேன். கத்தி, கொழுகி, தண்ணீர், நிறுத்து, செத்தது, சாகாதது. இவ்வளவு போதும் அந்த வேலைக்கு. வங்கிக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் றெஜினா கதைப்பாள், நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். ஒருமுறை டாக்டர் என் வயிற்றை அமுக்கிக்கொண்டே எங்கே நோகிறது என்று அவளிடம் கேட்டார். அவள் என்னிடம் கேட்டு அவருக்குச் சொன்னாள். என் வயிறு, என் நோ, நடுவில் மனைவி. அன்றைக்கு எனக்குள் ஏதோ கோணலாகிவிட்டது.

லண்டனுக்கு ஏன் வந்தோம் என்று யார் கேட்டாலும் சனத்தோடு இருக்க வந்தோம் என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைச் சாட்டுவார்கள், எனக்கு அந்த வசதி இல்லை. ஆனால் உண்மை அதுவல்ல. நான் கதைக்க, மனைவி தலையாட்டும் ஒரு ஊர் எனக்குத் தேவைப்பட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அவ்வளவுதான் விஷயம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு, டெனிஷ் பாஸ்போர்ட்டும் கையில் இருந்ததால், ஈஸ்ட் ஹாமில் கடை போட்டிருந்த ஒன்றுவிட்ட அண்ணன் கூப்பிட்டதும் புறப்பட்டுவிட்டேன். றெஜினா ஒரு வாரம் கதைக்கவில்லை. பிறகு கேட்டாள், எவ்வளவு காலத்துக்கு என்று. வாயில் வந்ததைச் சொன்னேன். "அஞ்சு வருஷம். அதுக்குப் பிறகு உமக்குப் பிடிக்காட்டித் திரும்பி வருவம்." அவள் தலையாட்டினாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு வருடத்துக்குள் எனக்குத் தெரியாத ஆள் இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். நான் மணிக்கணக்காகக் கதைப்பேன். றெஜினா கடையின் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்து கறிவேப்பிலையைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். வயோதிபர் இல்ல வேலைக்கு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். டென்மார்க் சான்றிதழை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை. தமிழ் இருக்கிறதே, தமிழில் கதைக்கலாமே என்பீர்கள். கதைத்தாள்தான். என்ன விலை, எத்தனை கிலோ, யாருக்குப் பிள்ளை பிறந்தது, உங்களுக்கு ஏன் இல்லை. அந்தக் கடைசிக் கேள்வியை டென்மார்க்கில் அவளை யாரும் கேட்டதில்லை. கூப்பிட்டால் சில வேளை ஓம் என்பதற்குப் பதிலாக டெனிஷில் யா என்பாள். சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அந்தத் துண்டுப் பிரசுரம் அவளுக்கு எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை. மீன் சுற்றி வந்த தாள் என்று சொன்னாள். நான் நம்பவில்லை. தேம்ஸின் தென்கரையில் ஒரு பூங்காவில், டென்மார்க், ஸ்வீடன், நோர்வே ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நடுக்கோடை விழா நடத்துகிறார்களாம். "இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கால் போட்டு வருவமே?" அவள் லண்டனுக்கு வந்து என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். கடை பூட்டும் நாளும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வெஸ்ட் ஹாமில் மாறி ஜூபிலி லைன் எடுத்து கனடா வாட்டர் என்ற ஸ்டேஷனில் இறங்கவேண்டும். கனடாவுக்குப் போவதற்காக ஏஜென்ட் பின்னால் வருடக்கணக்கில் அலைந்த என்னைக் கடைசியில் ட்ராவல் கார்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பூங்காவில் நடுவே உயரமாக ஒரு கம்பம், இலையும் பூவும் சுற்றி. பெண்பிள்ளைகள் தலையில் பூ வளையம். கம்பத்தைச் சுற்றிப் பெரியவர்கள் தவளை மாதிரிக் குந்திக்குந்திப் பாய்ந்தார்கள். டையும் கோட்டும் போட்ட ஒருவர்கூடப் பாய்ந்தார். ஸ்வீடன்காரர்களின் வேலையாம் அது. நோர்வேக்காரர்கள் வாஃபிள் சுட்டார்கள். டெனிஷ்காரர்களுக்குத்தான் முகம் வாடிக்கிடந்தது. பூங்காவில் நெருப்பு மூட்டக் கவுன்சில் விடவில்லையாம். அவர்கள் கட்டிய சூனியக்காரி எரிய வழியில்லாமல் ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கூடாரத்தில், கறுப்புப் பாணில் ஊறுகாய் மீனை அடுக்கி விற்றுக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெண்தான் கியர்ஸ்தன். சீனியும் வினாகிரியும் போட்ட பச்சை மீன். சமைக்க மறந்துபோய்ப் போத்தலில் அடைத்த மீன் என்று நான் சொல்வது வழக்கம்.

கியர்ஸ்தன் எங்களைக் கண்டதும் இது மீன், இது பாண் என்று ஆங்கிலத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். றெஜினா டெனிஷில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். றெஜினா சொன்னாள். கியர்ஸ்தனின் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் றெஜினா எனக்கு விளக்கினாள்: அவரைப் பெற்ற தாய் கதைத்த மாதிரியே இவள் கதைக்கிறாளாம், அந்தச் சொல்லை நாற்பது வருடமாகக் கேட்கவில்லையாம். இளவயதில் லண்டனுக்கு வேலைக்கு வந்து, ஒரு ஆங்கிலேயரைக் கட்டி, அவரும் போய்ச் சேர்ந்து, தனியாக இருக்கிற மனுஷி. இவள் மன்னாரிலிருந்து போய் அந்த அம்மாவுக்குத் தாய்மொழியை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

றெஜினா கூடாரத்துக்குள் போய்விட்டாள். ஏப்ரன் கட்டிக்கொண்டு பாணில் வெண்ணெய் தடவத் தொடங்கிவிட்டாள். கையை ஆட்டி ஆட்டி என்னவோ கதை சொன்னாள். நாலைந்து பேர் கூடி விழுந்து விழுந்து சிரித்தார்கள். மரத்தடிச் சூனியக்காரியைக் காட்டியதால் சீலைக் கதை என்று ஊகித்தேன். ஆனால் நடுவே என்னையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மரத்தின் கீழ் இருந்து, ஒன்றும் விளங்காமல், மூன்று மணித்தியாலம் வாஃபிள் சாப்பிட்டேன். அங்கே சிரித்துக்கொண்டிருந்த பெண்ணை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் அவளோடுதான் குடும்பம் நடத்தினேன். அப்படியிருந்தும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். திரும்பும் வழியில் அவள் பாடிக்கொண்டு வந்தாள். ஆட்கள் பார்க்கினம் என்று அடக்கினேன்.

அதையும் சேர்த்து ஐந்து கோடை அப்படிப் போனது. ஈஸ்டர் முடிந்தவுடனேயே அவள் நாள் எண்ணத் தொடங்கிவிடுவாள். கோயிலில் கேட்பவர்களுக்கு அருளப்பர் பெருநாளுக்குப் போறம் என்று சொல்வாள். லண்டனில் எந்தக் கோயிலில் அவ்வளவு விசேஷமாகச் செய்கிறார்கள் என்று தெரியாமல் அவர்கள் முழிப்பார்கள். கியர்ஸ்தனோடு போனில் கதைப்பதெல்லாம் இல்லை. வருடத்தில் ஒரு நாள்தான், ஆனால் காலை முதல் கூடாரம் பிரிக்கும்வரை. இரண்டு பேரும் அப்படி என்னதான் கதைக்கிறியள் என்று ஒருமுறை கேட்டேன். காற்றைப் பற்றி என்றாள். நான் நம்பாமல் சிரித்தேன். ஒரு பகலெல்லாம் காற்றைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது?

ஐந்தாவது கோடையில், திரும்பி வரும்போது, கனடா வாட்டர் படிக்கட்டில் அவள் நின்றாள். மூச்சு வாங்கியது, அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அஞ்சு வருஷம் முடிஞ்சுது" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பால் முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். நான், பாப்பம், கடையை அண்ணன் தனிய நடத்த ஏலாது, அடுத்த வருஷம் யோசிப்பம் என்றேன். சரி என்றாள். அவள் சண்டை பிடித்திருந்தால் என்று இப்போது நினைப்பதுண்டு. பிடித்திருந்தாலும் நான் வென்றிருப்பேன். தமிழில் நடக்கும் சண்டையில் எல்லாம் நான்தான் வெல்வேன்.

ஐப்பசி மாதம் அவளுக்கு இருதயத்தில் கோளாறு என்றார்கள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் முடியுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுக்கு எங்கே நோகிறது என்று என்னிடம் கேட்டார். நான் அவளிடம் கேட்டு, என் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட இடத்தில் அன்று உட்கார்ந்திருந்தேன், பாருங்கள். மேனர் பார்க் பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். நல்ல சனம் வந்தது. எல்லோரும் தமிழில் ஆறுதல் சொன்னார்கள், நானும் தமிழில் எல்லோருக்கும் பதில் சொன்னேன்.

அந்த ஜூனில் ஏன் பூங்காவுக்குப் போனேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் தானாக வெஸ்ட் ஹாமில் இறங்கியது. கியர்ஸ்தன் தூரத்திலேயே என்னைக் கண்டு, எனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும் றெஜினா எங்கே என்று கேட்டார். டெனிஷில்தான் கேட்டார், இவ்வளவு காலம் அங்கே இருந்தவனுக்கு அதுகூட விளங்காதா என்ற நினைப்பு.

செத்துவிட்டாள் என்பதற்கு டெனிஷில் எனக்குச் சொல் தெரியும். ஒரே ஒரு அசைதான். ஆனால் அந்தச் சொல்லை நான் படித்தது பன்றித் தொழிற்சாலையில். கொழுகியில் தொங்குவதைப் பார்த்து, செத்ததா இல்லையா என்று ஆளுக்காள் கத்திக் கேட்ட சொல். அதைக் கொண்டுவந்து றெஜினாவின் பெயருக்குப் பின்னால் வைக்க என் நாக்கு மறுத்துவிட்டது. தமிழில்கூட நாங்கள் அப்படிச் சொல்வதில்லையே. மோசம் போயிட்டா என்போம், இல்லாவிட்டால் போயிட்டா என்போம், கேட்பவருக்கு விளங்கிவிடும். ஆகவே நான் போயிட்டா என்பதையே டெனிஷில் சொன்னேன். ஹூன் எர் ரைஸ்ட். அவ்வளவும் சரியான டெனிஷ், என் வாழ்க்கையில் பிழையில்லாமல் சொன்ன ஒரே வசனமாகவும் இருக்கும். ஆனால் டெனிஷில் போயிட்டா என்றால் போயிட்டாதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு, பயணம்.

கியர்ஸ்தன் என் முகத்தைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளோ என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாக, "யெம்?" என்று கேட்டார். வீட்டுக்கோ? அவர்கள் பாஷையில் வீட்டுக்கும் ஊருக்கும் அந்த ஒரு சொல்தான். நான் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். யா என்றேன்.

அந்த மனுஷி என்ன செய்தார் தெரியுமா? கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மேசையைச் சுற்றி வந்து, மீன் வாடை அடிக்கும் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். அழுதுகொண்டே சிரித்தார். நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று டெனிஷும் ஆங்கிலமுமாக மெல்ல மெல்லச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் கூடாரம் பிரிக்கும்போது றெஜினா அவரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவாளாம்: அடுத்த கோடைக்கு நான் இங்கே இருக்கமாட்டேன், டென்மார்க்கில், ஊரில் இருப்பேன், நீ தனியாகத்தான் வெண்ணெய் தடவவேண்டும். ஐந்து வருடமும் சொன்னாளாம். கடைசி வருடம் சொல்லும்போது கையைப் பிடித்து, இந்த முறை நிச்சயம், என் மனுஷன் வாக்குக் கொடுத்தவர் என்றாளாம். உன் மனுஷன் நல்லவன் என்று கியர்ஸ்தன் அவளுக்குச் சொன்னாராம். அதையே திரும்ப என்னிடமும் சொன்னார், நீ நல்லவன் என்று. நான் அந்த இடத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

அடுத்த வருடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நூலகத்தில் அகராதி எடுத்து, பன்றி வாசம் இல்லாத வேறு சொல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ரயிலில் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியதில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். ஆனால் கியர்ஸ்தன் என்னைக் கண்டதுமே, றெஜினா எப்படி இருக்கிறாள், காற்று எப்படி என்று கேட்டார். காற்று நல்லது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய வயோதிபர் இல்லத்திலேயே திரும்ப வேலை கிடைத்துவிட்டது என்றேன். சைக்கிள் புதுசு என்றேன். கிழங்கு நட்டிருக்கிறாள் என்றேன். கடிதம் எழுதப் பஞ்சி பிடித்தவள், உங்களை மட்டும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்றேன். என் உடைந்த டெனிஷில் அந்தப் பொய்களைச் சொல்ல நான் ஒவ்வொரு வருடமும் ஜூன் வரும்வரை சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் படிக்காத மொழியைப் படித்தேன். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு பின்னேரம் அவளோடு அதில் காற்றைப் பற்றிக் கதைத்திருந்தால் போதும், இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

கியர்ஸ்தன் என்னைத் திட்டத் தொடங்கினார். நான் கடையைச் சாட்டுவேன். அவருக்குக் கோபம் வந்துவிடும். "உன்ர மனிசி அங்க தனிய இருக்கிறா. நீ எப்ப அவவிட்டப் போகப்போறாய்?" அவர் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படித்தான் வரும். நான் கெதியாய்ப் போவன், கனகாலம் இல்லை என்று சொல்வேன். மூன்று கோடை அப்படிச் சொன்னேன், மூன்று தடவையும் உண்மையாகவே சொன்னேன்.

நாலாவது கோடையில் கூடாரத்தில் வேறு ஒரு பெண் நின்றாள். சின்ன வயது, பிளாஸ்டிக் கையுறை, பாணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதிய அட்டைகள். கியர்ஸ்தன் எங்கே என்று டெனிஷில் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். மாசி மாதம் இறந்துவிட்டாராம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் ஒரு தயக்கமும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்று பூசையிலும் அழாதவன், ஊறுகாய் மீனுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டது, தண்ணீர் தந்தது. கியர்ஸ்தனுக்காக அழுகிறேன் என்று நினைத்திருக்கும்.

இப்போது அந்தப் பூங்காவில் விழா நடப்பதில்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்களாம், வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம், விசாரிக்கவில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்த டெனிஷ் எல்லாம் ஒவ்வொரு சொல்லாகக் கழன்று போகிறது. அதில் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை. கோயிலில், கடையில், எங்கு போனாலும் றெஜினா மோசம் போனது எல்லோருக்கும் தெரியும். அது தெரியாத ஒரே ஒரு ஆள் இந்த லண்டனில் இருந்தார். அவர் இருந்த வரைக்கும் அவள் ஊரில் இருந்தாள். அதன் பிறகு மேனர் பார்க்கில் மட்டும்தான் இருக்கிறாள்.